ஷியோகாமா கோயிலுக்குப் போகிறவர்களுக்கு: படி, சன்னதி, துறைமுகம்

ஜப்பான் போகிற நம்மவர்களில் பெரும்பாலானவர்கள் டோக்கியோ, கியோட்டோ, ஒசாகா என்று ஒரே தடத்தில் போய்த் திரும்பிவிடுகிறார்கள். வடக்குப் பக்கம் போவது குறைவு. போனாலும் மாட்சுஷிமா விரிகுடாவில் ஒரு படகு ஏறி, பைன் மரத் தீவுகளைப் படம் எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். அந்தப் படகு புறப்படும் ஊர்களில் ஒன்றான ஷியோகாமாவில், துறைமுகத்துக்குப் பின்னாலேயே, குன்றின் மேல் ஒரு கோயில் ஆயிரத்து இருநூறு வருடங்களுக்கும் மேலாக இருக்கிறது. ஷியோகாமா ஜின்ஜா. பழைய முட்சு மாகாணத்தில், அதாவது ஜப்பானின் வடகிழக்கில் பெரும்பகுதியில், முதல் கோயில் என்ற பெயர் இதற்குத்தான். என்னைக் கேட்டால் கியோட்டோவில் ஒரு நாளைக் குறைத்துக்கொண்டாவது இங்கே போகலாம்.

ஆனால் எப்படிப் போவது என்று தெரிந்துகொண்டு போகவேண்டும். படியேறி, முதலில் தெரிகிற சன்னதியில் கைதட்டிக் கும்பிட்டு, தாயத்து ஒன்று வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டால், இந்தக் கோயிலின் மூலவரையே பார்க்காமல் வந்திருப்பீர்கள். நிறையப் பேர் அப்படித்தான் வருகிறார்கள். கீழே இருக்கிற மீன்பிடித் துறைமுகத்தையும் உப்புக் கொப்பரைகளையும் பார்க்காவிட்டால், மேலே இருக்கிற சாமி எதற்காக அங்கே இருக்கிறார் என்பதும் புரியாது. அதனால் இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

எந்த ஸ்டேஷனில் இறங்குவது

டோக்கியோவிலிருந்து சென்டாய்க்கு ஹயாபுசா ஷின்கான்சென் அதிவேக ரயிலில் சுமார் ஒன்றரை மணி நேரம். சென்டாயிலிருந்து ஜேஆர் சென்செகி லைன் பிடித்து ஹோன்-ஷியோகாமா ஸ்டேஷனில் இறங்கவேண்டும், அரை மணி நேரம்தான். இங்கே ஒரு குழப்பம் உண்டு. "ஷியோகாமா" என்று மட்டும் பெயருள்ள வேறொரு ஸ்டேஷன் தோஹோக்கு மெயின் லைனில் இருக்கிறது. மேப்பில் பெயரைத் தட்டினால் சில சமயம் அதைத்தான் முதலில் காட்டும். அது கோயிலுக்கும் துறைமுகத்துக்கும் தள்ளி இருக்கிறது. ஹோன் என்ற முன்னொட்டு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சென்டாய் ஸ்டேஷனில் சென்செகி லைன் பிளாட்பாரம் தரைக்குக் கீழே, மற்ற பிளாட்பாரங்களிலிருந்து கொஞ்ச தூரம் நடக்கிற இடத்தில் இருக்கிறது. ஷின்கான்செனிலிருந்து இறங்கி மாறுவதற்குப் பத்து நிமிடமாவது கையில் வைத்துக்கொள்ளுங்கள். சுய்கா மாதிரி கார்டு இருந்தால் டிக்கெட் எடுக்கிற வேலையே இல்லை.

காலையில் சீக்கிரம் போங்கள். கோயில் அதிகாலை 5 மணிக்கே திறந்துவிடும், மீன் சந்தை மதியத்தோடு ஓய்ந்துவிடும், இரண்டும் ஒரே நாளில் கிடைக்கவேண்டும் என்றால் எட்டு மணிக்காவது ஊரில் இருக்கவேண்டும். ஜனவரி முதல் மூன்று நாள் மட்டும் வேண்டாம். வருடத்தின் முதல் தரிசனத்துக்கு வடகிழக்கு முழுவதிலிருந்தும் ஆட்கள் வருவார்கள், வரிசையில் நிற்கவே பாதி நாள் போய்விடும். கூட்டத்தைப் பார்க்கத்தான் ஆசை என்றால் அது வேறு விஷயம்.

எந்தப் பாதையில் ஏறுவது

இச்சிமோரி என்ற அந்தக் குன்றுக்கு ஏற மூன்று பழைய பாதைகள். மேற்குப் பக்கம் இருப்பது ஒமோட்டே-சாகா, முன்வாசல் பாதை. பெரிய கல் தோரி வாசல், அதற்குப் பின்னால் நேராக மேலே போகிற 202 கல்படிகள், இரண்டு பக்கமும் சீடர் மரங்கள். கீழே நின்று பார்த்தால் படிகள் சுவர் மாதிரி நிமிர்ந்து நிற்கும். ஸ்டேஷனிலிருந்து இங்கே நடக்கப் பதினைந்து நிமிடம் ஆகும். கிழக்குப் பாதை ஸ்டேஷனுக்குப் பக்கம், சரிவு மெதுவாக ஏறும், வயதானவர்களும் குழந்தைகளும் அதில் போகலாம். மூன்றாவது நானாமகாரி, ஏழு வளைவுப் பாதை, இருப்பதிலேயே பழையது, காட்டுக்குள் வளைந்து வளைந்து போகிற மண் வழி.

முழங்கால் ஒத்துழைத்தால் 202 படியில் ஏறுங்கள், கிழக்குப் பாதையில் இறங்குங்கள். மாற்றிச் செய்யாதீர்கள். ஏறுவதுகூடப் பரவாயில்லை, மூச்சு வாங்க நடுவில் நின்றுகொள்ளலாம், இறங்கும்போதுதான் அந்தச் சரிவு பயமுறுத்தும், அதுவும் மழை பெய்து கல் நனைந்திருந்தால் சீடர் இலை ஒட்டிக்கொண்டு வழுக்கும். கைப்பிடி இருக்கிறது, பிடித்துக்கொள்ளுங்கள். படியே முடியாது என்றால் வெட்கப்பட ஒன்றுமில்லை, மேலேயே வண்டி நிறுத்துகிற இடம் உண்டு, ஸ்டேஷனிலிருந்து டாக்சியில் சில நிமிடம்.

இந்தப் படிகளில் ஒரு டன் எடையுள்ள மிகோஷிப் பல்லக்கைப் பதினாறு பேர் தோளில் சுமந்து இறங்குவார்கள். ஒவ்வொரு மார்ச் 10-ஆம் தேதியும் ஹோட்டே திருவிழாவில் இது நடக்கும். வெள்ளை உடுத்திய ஆட்கள், ஒருவர் கால் தவறினாலும் மொத்தப் பாரமும் முன்னால் இருப்பவர் மேல் வரும், ஒரு படிக்கு ஒரு படி நிதானித்து வருவார்கள். கீழே ஊரெல்லாம் சுற்றிவிட்டு மறுபடி அதே படியில் மேலே கொண்டுபோகவேண்டும். நீங்களே ஒரு முறை கைப்பை மட்டும் தூக்கிக்கொண்டு ஏறிப் பார்த்துவிட்டால், அவர்கள் செய்வது என்ன என்று உங்கள் கால்களுக்குத் தெரிந்துவிடும்.

உள்ளே நுழையும்போது

தோரி வாசலில் தலையை லேசாகத் தாழ்த்தி வணங்கிவிட்டு நுழைவது வழக்கம். பாதையின் நட்ட நடு சாமி நடக்கிற இடம் என்பதால் ஓரமாக நடப்பார்கள். தொப்பி போட்டிருந்தால் கழற்றிவிடுங்கள்.

செருப்பைக் கழற்றவேண்டாம். நமக்கு இது கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கும், கோயில் முற்றத்தில் ஷூவோடு நடப்பதா என்று கால் தயங்கும். இங்கே வெளிப் பிராகாரம் முழுக்கக் காலணியோடுதான் நடக்கவேண்டும். கட்டணம் கட்டித் தனிப் பிரார்த்தனைக்காக மண்டபத்துக்குள் ஏறி உட்காருகிறவர்கள் மட்டும்தான் கழற்றுவார்கள். அதே மாதிரி தேங்காய், பூ, சூடம் என்று எதையும் எடுத்துப்போக வேண்டியதில்லை. கர்ப்பக்கிரகத்தை எட்டிப் பார்க்கவும் முடியாது. உள்ளே விக்கிரகம் தெரியும் என்று எதிர்பார்த்து எக்கி நிற்காதீர்கள், மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் இருப்பதை யாருமே பார்ப்பதில்லை.

தீட்டு இங்கேயும் உண்டு. குடும்பத்தில் சாவு நடந்தால் 50 நாள் ஷின்டோ கோயிலுக்குப் போகாமல் இருப்பது ஜப்பானியர் வழக்கம். வெளியூர்க்காரரை யாரும் நிறுத்திக் கேட்கமாட்டார்கள், ஆனாலும் தெரிந்து வைத்துக்கொள்வது மரியாதை.

தண்ணீர்த் தொட்டியில் கை கழுவுவதற்கு ஒரு வரிசை இருக்கிறது. வலது கையில் கரண்டியை எடுத்து இடது கையில் ஊற்றுங்கள், கை மாற்றி வலது கையில் ஊற்றுங்கள், மறுபடி வலது கையில் கரண்டியை வாங்கி இடது உள்ளங்கையில் கொஞ்சம் ஏந்தி வாய் கொப்பளித்துத் தொட்டிக்கு வெளியே துப்புங்கள், இடது கையை இன்னொரு தரம் கழுவுங்கள், கடைசியில் கரண்டியை நிமிர்த்திப் பிடித்தால் மிச்சத் தண்ணீர் காம்பு வழியாக ஓடி அடுத்தவருக்காக அதைக் கழுவிவிடும். இத்தனையும் ஒரே கரண்டித் தண்ணீரில் முடிக்கவேண்டும். கரண்டியை நேராக வாயில் வைக்கவே கூடாது. கரண்டி வைக்காமல் தண்ணீர் தானாக ஓடுகிற மாதிரி விட்டிருந்தால் கையை மட்டும் கழுவினால் போதும்.

முதலில் தெரிவது மூலவர் இல்லை

சிவப்பு வாசலைத் தாண்டி உள்ளே போனால் நேரெதிரே ஒரு பெரிய மண்டபம் தெரியும். எல்லாரும் அங்கேதான் வரிசை கட்டுவார்கள். அது இடச் சன்னதி, வலச் சன்னதி இரண்டுக்கும் பொதுவான வழிபாட்டு மண்டபம். உள்ளே இருப்பவர்கள் தகேமிகாசுச்சி, ஃபுட்சுனுஷி என்ற இரண்டு போர்த் தெய்வங்கள். பெரிய தெய்வங்கள்தான், குறை சொல்லவில்லை. ஆனால் இந்த ஊர்ச் சாமி அவர்கள் இல்லை.

அங்கே கும்பிட்டுவிட்டு உங்கள் வலது பக்கம் திரும்புங்கள். அந்தப் பக்கம் தனியாக இன்னொரு மண்டபம் இருக்கும், பெயர் பெட்சுகு. அங்கேதான் ஷியோட்சுச்சி-ஒஜி இருக்கிறார். கடலோட்டத்தை அறிந்த கிழவர். பழைய புராணத்தில் அண்ணனின் தூண்டில் முள்ளைத் தொலைத்துவிட்டுக் கரையில் அழுதுகொண்டு நின்ற இளவரசனுக்கு ஒரு கூடைப் படகு கட்டிக்கொடுத்து, எந்த நீரோட்டத்தில் விட்டால் கடலரசன் மாளிகைக்குப் போய்ச் சேரும் என்று வழி சொன்னவர் இவர்தான். ஷியோகாமாவில் சொல்கிற கதையில், அந்த இரண்டு போர்த் தெய்வங்களுக்கும் வடக்கே வழிகாட்டிக்கொண்டு வந்தவர் இவர். அவர்கள் வேலை முடிந்து போய்விட்டார்கள், இவர் மட்டும் இங்கேயே தங்கி ஜனங்களுக்கு உப்புக் காய்ச்சக் கற்றுக்கொடுத்தார்.

இனிக் கொஞ்சம் தள்ளி நின்று எந்தச் சன்னதி எந்தத் திசை பார்க்கிறது என்று பாருங்கள். போர்த் தெய்வங்கள் இருவரும் தெற்கே பார்க்கிறார்கள், டாட்டே வம்சத்துப் பிரபுக்களின் சென்டாய்க் கோட்டை இருக்கிற பக்கம். பெட்சுகு மேற்கே பார்க்கிறது. அதாவது கடல் சாமி கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கடலிலிருந்து வரும் ஆபத்தையெல்லாம் தன் முதுகில் வாங்கிக்கொள்கிறார் என்பது அங்கே சொல்கிற விளக்கம். மூன்று கருவறை, இரண்டு வழிபாட்டு மண்டபம் என்ற இந்த அமைப்பு ஜப்பானில் அபூர்வம். படகோட்டிகளும் மீனவர்களும் வந்து நிற்பது இந்தப் பெட்சுகு முன்னால்தான். சுகப்பிரசவத்துக்கு வேண்டிக்கொள்ள வருகிற கர்ப்பிணிகளையும் நிறையப் பார்க்கலாம்.

கும்பிடுகிற முறை சுலபம். காசைப் பெட்டியில் மெதுவாகப் போடுங்கள், எந்தக் காசானாலும் சரி. இரண்டு தரம் இடுப்பு வளைய ஆழமாகக் குனியுங்கள், இரண்டு தரம் கைதட்டுங்கள், கையைச் சேர்த்தபடி வேண்டிக்கொள்ளுங்கள், அப்புறம் ஒரு தரம் குனிந்து விலகுங்கள். பெயரும் ஊரும் மனதுக்குள் சொல்லி வேண்டிக்கொள்கிறவர்கள் உண்டு. பின்னால் ஆள் நின்றால் சீக்கிரம் முடியுங்கள். மண்டபத்துக்குள் பூசை நடக்கும்போது கேமராவை உள்ளே நீட்டாதீர்கள், முற்றத்தில் நின்று கட்டடத்தை எடுப்பதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை.

அந்த இரும்பு விளக்கு

நேரெதிர் மண்டபத்துக்கு முன்னால் துருப்பிடித்த இரும்பு விளக்கு ஒன்று இருக்கிறது. பக்கத்தில் நிற்கிற மற்ற அலங்கார விளக்குகளைப் பார்த்துவிட்டு இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். 1187-இல் இசுமி சபுரோ என்கிற ஃபுஜிவாரா தடாஹிரா கொடுத்தது. அவர் ஹிராய்சுமியை ஆண்ட ஃபுஜிவாரா ஹிடேஹிராவின் மூன்றாவது மகன். அண்ணனுக்கு எதிரியாகிப்போய்த் தங்களிடம் அடைக்கலம் வந்த மாவீரன் யோஷிட்சுனேயைக் காப்பாற்றவேண்டும் என்று அப்பா சாகும்போது சொல்லிவிட்டுப் போனார். இவருடைய அண்ணன் பயந்து கைவிட்டுவிட, இவர் அப்பா பேச்சைக் காத்தார், அதற்காகவே 1189-இல் இருபத்து மூன்றாம் வயதில் சொந்த அண்ணன் கையாலேயே கொல்லப்பட்டார். குனிந்து விளக்கின் கதவைப் பாருங்கள், சூரியனும் பிறையும் வெட்டியிருக்கும். கவிஞர் பாஷோ 1689-இல் இங்கே வந்து, ஐந்நூறு வருடப் பழைய இந்த விளக்கின் முன்னால் நின்று உருகிப்போய் எழுதிவைத்திருக்கிறார். அவர் பார்த்த கட்டடங்கள் இப்போது இருப்பவை இல்லை. இப்போதைய சன்னதிகளை டாட்டே வம்சத்தின் நான்காம் பிரபு தொடங்கி, ஒன்பது வருடம் கட்டி, ஐந்தாம் பிரபு காலத்தில் 1704-இல் முடித்தார்கள். ஆனால் பாஷோ பார்த்த விளக்கு அப்படியே இருக்கிறது.

பெட்சுகு முன்னால் இருக்கிற பெரிய செம்பு-இரும்பு விளக்கு 1809-இல் வந்தது. வடக்கே எசோ தீவை, இன்றைய ஹொக்கைடோவை, காவல் காக்கப் போன சென்டாய்ப் படைகள் பத்திரமாகத் திரும்பி வந்ததற்கு நன்றியாக டாட்டே பிரபு கொடுத்தது. வேலைப்பாடு பிரமாதம், பறவையும் பூவும் ஒவ்வொரு பலகையிலும். எனக்கு அந்தத் துருப்பிடித்த விளக்குதான் பெரிது.

முற்றத்தில் இன்னும் இரண்டு மரங்களைத் தேடுங்கள். ஒன்று ஷியோகாமா செர்ரி, ஒரே பூவில் முப்பது நாற்பது இதழ் அடுக்கிய இளஞ்சிவப்பு, நாட்டின் இயற்கைச் சின்னங்களில் ஒன்று. சாதாரண செர்ரி உதிர்ந்த பிறகு, ஏப்ரல் கடைசியில் மே தொடக்கத்தில் பூக்கும், அதனால் டோக்கியோவில் பூவைத் தவறவிட்டவர்கள் இங்கே பிடித்துவிடலாம். இன்னொன்று ஐந்நூறு வருடப் பழைய தராயோ மரம். தடித்த பச்சை இலை. அதன் பின்பக்கத்தில் குச்சியால் கீறினால் சில நிமிடத்தில் கீறிய இடம் பழுப்பாகி எழுத்து தெளிவாக எழும்பும், அப்படியே தங்கிவிடும். செய்து பார்க்க ஆசையாக இருந்தால் கீழே விழுந்த இலை கிடைக்கிறதா பாருங்கள், கிளையில் கை வைக்காதீர்கள்.

பக்கத்திலேயே ஷிவாஹிகோ என்ற இரண்டாவது கோயில். வேறு இடத்தில் இருந்ததை 1874-இல் இந்தக் குன்றுக்குக் கொண்டுவந்தார்கள், இப்போது நிற்கிற கட்டடம் 1938-இல் முடிந்தது. கறுப்பும் சிவப்புமாக அரக்குப் பூசிய வேலை, அதையும் பாருங்கள். அதற்கு முன்னால் உள்ள தோட்ட ஓரத்துக்குப் போனால் துறைமுகமும் தாண்டி மாட்சுஷிமா விரிகுடாத் தீவுகளும் தெரியும். கொஞ்ச நேரம் உட்காருங்கள், அவசரப்படவேண்டாம். பக்கத்து அருங்காட்சியகம் சின்னதுதான், கட்டணமும் சொற்பம். டாட்டே பிரபுக்கள் கொடுத்த வாள்களைக் கீழ்த்தளத்தில் வைத்திருக்கிறார்கள். எல்லாரும் வாளைப் பார்த்துவிட்டு வெளியே வந்துவிடுகிறார்கள், மேல்தளத்தில்தான் உப்புக் காய்ச்சிய பாத்திரங்களும் மீன்பிடிக் கருவிகளும் இருக்கின்றன. மேலே போங்கள்.

முத்திரை சேர்க்கிறவர்கள் கோஷுயின் புத்தகத்தை முதலிலேயே அலுவலகத்தில் கொடுத்துவிட்டுச் சுற்றப் போகலாம். இரண்டு கோயிலுக்கும் தனித்தனி முத்திரை. வெறும் தாளில், நோட்டில் எழுதித் தரச்சொல்லாதீர்கள், அது சேகரிப்பு அட்டை இல்லை, தரிசனத்தின் அடையாளம்.

உப்புக் கொப்பரைகள்

கீழே இறங்கிய பிறகு, ஊருக்குள் ஒகாமா ஜின்ஜா என்று ஒரு சின்னக் கோயில். மேலே இருக்கிற பெரிய கோயிலைச் சேர்ந்தது. ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிட நடை, தெருவோடு தெருவாக இருப்பதால் தேடித்தான் கண்டுபிடிக்கவேண்டும். சின்னக் காணிக்கை கொடுத்தால் வேலிக்குள் விடுவார்கள். உள்ளே திறந்த வெளியில் வரிசையாக நான்கு இரும்புக் கொப்பரைகள், ஒவ்வொன்றும் ஒரு மீட்டருக்கு மேல் அகலம், ஆழமில்லாமல் தட்டையாக. விளிம்பெல்லாம் துரு அரித்து மேடும் பள்ளமுமாக, நிறைய உப்புத் தண்ணீர், துருவேறிச் செம்பழுப்பாக. வெயிலில் வற்றுவதில்லை, மழையில் வழிவதில்லை என்பது நம்பிக்கை. ஊருக்குக் கெடுதல் வருமுன் தண்ணீரின் நிறம் மாறும் என்றும் நம்புகிறார்கள். சுனாமி வந்த 2011 மார்ச் 11 காலையில் தண்ணீர் வழக்கத்துக்கு மாறாகத் தெளிந்திருந்தது என்று ஊரில் சொல்வார்கள்.

ஜூலை முதல் வாரத்தில் போக முடிந்தால் மற்ற எல்லாத் திட்டத்தையும் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள். ஜூலை 4-ஆம் தேதி படகில் போய்க் கடற்பாசி அறுத்து வருவார்கள். 5-ஆம் தேதி கொப்பரைகளில் இருக்கிற பழைய தண்ணீரை இறைத்துவிட்டுப் புதுக் கடல்நீர் ஊற்றுவார்கள். 6-ஆம் தேதி இன்னொரு கொப்பரையை அடுப்பேற்றி, மேலே மூங்கில் தட்டியில் கடற்பாசியைப் பரப்பி, அதன்மேல் கடல்நீரை ஊற்றி, பாசி வழியாக வடிந்து விழுகிற செறிந்த நீரைக் காய்ச்சி உப்பெடுப்பார்கள். அந்த உப்பு மேலே இருக்கிற சாமிக்கு நிவேதனமாகப் போகும். உப்பளம் வெட்டத் தெரியாத காலத்து முறை இது, புத்தகத்தில் படிப்பதைக் கண்ணால் பார்க்கலாம். கூட்டமும் பெரிதாக இருக்காது. ஓரமாக நின்று, குருமார்களின் வழியை மறிக்காமல் பாருங்கள்.

இந்த உப்பும் மீனும்தான் மேலே இருக்கிற கோயிலின் பழைய பலம். முட்சு மாகாணத் தலைநகரான தகாஜோ 724-இல் அமைந்தது, அதற்குச் சரக்கு வந்திறங்கிய துறை ஷியோகாமா. 820-இல் தொகுத்த அரசாங்கச் சட்ட நூலில் இந்தக் கோயில் பூசைக்கு 10,000 கட்டு நெல் ஒதுக்கியதாகப் பதிவு இருக்கிறது, அந்தக் காலத்துக்கு மிகப் பெரிய மானியம்.

துறைமுகமும் சாப்பாடும்

ஷியோகாமா ஜப்பானில் பச்சைச் சூரை இறங்குகிற முக்கியமான துறைகளில் ஒன்று. இலையுதிர் காலத்தில், செப்டம்பரிலிருந்து டிசம்பர் வரை பிடிபடுகிற பெருங்கண் சூரையில் தேறினவற்றுக்கு ஹிகாஷிமோனோ என்று தனி முத்திரை உண்டு. மொத்த வியாபாரிகளின் மீன் சந்தை ஹிகாஷி-ஷியோகாமா ஸ்டேஷனிலிருந்து பதினைந்து நிமிட நடை. பொதுமக்களும் உள்ளே போகலாம். கிண்ணத்தில் சோறும் மிசோ சூப்பும் வாங்கிக்கொண்டு, கடை கடையாகப் போய் இரண்டு துண்டு சூரை, கொஞ்சம் சால்மன் முட்டை, இரண்டு சிப்பி என்று உங்களுக்கு வேண்டியதை வாங்கி மேலே வைத்துச் சாப்பிடுவது அங்கே பிரபலம். புதன்கிழமை விடுமுறை, போகும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். கடைக்காரர்கள் வேலையில் இருப்பார்கள், தள்ளுவண்டி வரும்போது விலகிக்கொடுங்கள், தரை எப்போதும் ஈரம்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு இந்த ஊர் கொஞ்சம் கஷ்டம்தான். மிசோ சூப்பில், இனாரி சுஷியின் பொட்டலத்தில், சாதாரணக் கீரைப் பொரியலில்கூட மீன் சாறு இருக்கும். "மீன் வேண்டாம்" என்றால் மீன் துண்டு இல்லாமல் தருவார்கள், சாறு இருக்கத்தான் செய்யும். வெள்ளரிக்காய் சுருள், உமெபோஷி என்ற உப்பில் ஊறிய புளிப்புப் பழச் சுருள் கேளுங்கள். அப்புறம் இந்த ஊர்ப் பழைய பலகாரம் ஒன்று உண்டு, ஷியோகாமா என்றே பெயர். பசையரிசி மாவு, சர்க்கரை, உப்பு, ஷிசோ இலை, அவ்வளவுதான், மீன் வாடையே கிடையாது. உப்பும் இனிப்பும் சேர்ந்து வாயில் கரையும். ஊருக்கு வாங்கிவரவும் இதுதான் சரி. மது அருந்துகிறவர்களுக்கு, 1724-இல் இந்தக் கோயிலின் சாமிக்கு சாகே காய்ச்சித் தருவதற்காகத் தொடங்கிய உரகசுமி ஆலை முன்வாசல் பாதைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

கோயிலுக்கும் துறைக்கும் இருக்கிற உறவை நேரில் பார்க்க ஜூலை மூன்றாம் திங்கள், கடல் தினத்தன்று போங்கள். 1948-இல், போர் முடிந்து ஊர் துவண்டு கிடந்தபோது ஆரம்பித்த மினாட்டோ திருவிழா. இரண்டு கோயில்களின் பல்லக்குகளும் அந்த 202 படியில் இறங்கி, ஹோவோமாரு, ரியுஹோமாரு என்ற இரண்டு அலங்காரப் படகுகளில் ஏறி மாட்சுஷிமா விரிகுடாவைச் சுற்றி வரும். பின்னால் மீன்பிடிப் படகுகள், அமோக மீன்பாடு வேண்டி வண்ணக் கொடி கட்டிக்கொண்டு வரிசையாக. குளிர்காலத் தொடக்கத்தில் இன்னொரு விஷயம் நடக்கும். மியாகிக் கரையில் நோரி என்ற கடற்பாசி வளர்க்கிறவர்கள் அந்தப் பருவத்தின் முதல் தாள்களை இந்தக் கோயிலுக்குக் கொண்டுவந்து காணிக்கையாக்கிப் போட்டிக்கு வைப்பார்கள். கறுப்பு, பளபளப்பு, வாசம் பார்த்து முதலிடம் பெறுவது அரண்மனைக்குப் போகும்.

ஒரு எச்சரிக்கை, இதை மட்டும் மறந்துவிடாதீர்கள். 2011 சுனாமியில் ஷியோகாமா துறைமுகமும் ஸ்டேஷன் சுற்றுவட்டாரமும் தண்ணீரில் மூழ்கின. விரிகுடாத் தீவுகள் அலையின் வேகத்தைக் குறைத்ததால் சுற்றியிருந்த ஊர்கள் சிலவற்றின் அளவுக்கு இங்கே சேதமில்லை, ஆனாலும் உயிர்கள் போயின. நீங்கள் சந்தையிலோ படகுத் துறையிலோ இருக்கும்போது பூமி பலமாகவோ நீண்ட நேரமோ அதிர்ந்தால், அறிவிப்புக்குக் காத்திருக்காமல், பொருளைப் பற்றி யோசிக்காமல் மேட்டுக்கு நடங்கள். ஸ்டேஷன் பக்கம் இருந்தால் கோயில் குன்றுதான் மேடு, கிழக்குப் பாதை கிட்ட இருக்கிறது. சந்தைப் பக்கம் இருந்தால் பச்சை நிறத் தஞ்ச அடையாளப் பலகை காட்டுகிற வழியில் போங்கள். ஊருக்குள் நுழைந்ததுமே அந்தப் பலகைகள் எங்கே இருக்கின்றன என்று ஒரு தரம் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் முடிந்து நேரம் இருந்தால், மரின் கேட் என்ற படகுத் துறையிலிருந்து மாட்சுஷிமாவுக்குப் படகில் போகலாம், 50 நிமிடம், தீவுகளுக்கு நடுவே, சிப்பிப் பண்ணைகளையும் நோரிக் கம்புகளையும் தாண்டிப் போகும். ரயிலில் வந்து படகில் போவதுதான் நல்லது, மாட்சுஷிமாவிலிருந்து சென்டாய்க்கு அதே சென்செகி லைனில் திரும்பிவிடலாம், மாட்சுஷிமா-கைகான் ஸ்டேஷனில் ஏறுங்கள். கடைசிப் படகு மாலைக்கு முன்பே போய்விடும், குளிர்காலத்தில் இன்னும் சீக்கிரம், காற்று பலமாக இருந்தால் ஓடாது. காலையில் ஸ்டேஷனில் இறங்கியதுமே அன்றைய நேரத்தைக் கேட்டு வைத்துக்கொண்டு அதற்கேற்ப மலையேறுங்கள்.